உள்ளே விட்ட துணி

எங்கள் பிரதம இலிகிதரின் பழுப்புக் காற்சட்டையில் பின்பக்கம் இருந்த இரண்டு பைகளும் ஒரு காலத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. ஆண்களின் பின்பைகளை ஆராய்வது என் வழக்கமல்ல. ஆனால் கல்முனையில் நாங்கள் வேலை செய்த அந்தக் கந்தோரில் அவருடைய மேசை, ஆட்கள் வந்து நிற்கும் முன்பக்கத்தைப் பார்த்தபடி இருந்தது. என் மேசை அவருக்குப் பின்னால். அவர் கோப்பு எடுக்க எழும்பும் ஒவ்வொரு தடவையும் என் கண்ணுக்கு நேரே வந்து நின்றது அந்தக் காற்சட்டைதான். சாதாரணமாக இரண்டு பைகளுக்கும் நடுவில் ஒரு கை வைக்கிற அளவுக்கு இடம் இருக்கும். அவருடையதில் அந்த இடம் மாதத்துக்கு மாதம் குறைந்து, கடைசியில் இல்லாமலே போயிற்று. வீட்டில் தையல் மிஷின் வைத்துப் பிள்ளைகளின் உடுப்புகளைத் திருத்துகிறவள் என்பதால் எனக்கு விஷயம் உடனே விளங்கியது. இடுப்பு பெருத்துப் போன காற்சட்டையைப் பின்பக்க நடுத்தையலில் பிடித்து அடித்தால் பைகள் நெருங்கும். அவ்வளவுதான். எனக்கு விளங்காமல் இருந்தது, எதற்காக என்பது.

இதெல்லாம் இப்போது ஞாபகத்துக்கு வருவதற்கு என் சொந்த இடுப்புத்தான் காரணம். போன வருடம் கிளினிக்கில் டொக்டர் என்னைத் தராசில் ஏற்றி இறக்கிவிட்டு, இரத்தத்தில் சீனி எல்லைக்கு வந்து நிற்கிறது, உடம்பைக் குறைக்காவிட்டால் குளிசை ஆரம்பிக்க வேண்டிவரும் என்றார். குளிசைக்குப் பயந்து குறைத்தேன். ஊரில் யாருக்கும் அது தெரியவில்லை. அபாயாவின் பெரிய உபகாரம் அது. உள்ளே ஆள் பாதியானாலும் வெளியே அதே கறுப்புத்தான். ஆனால் அபாயாவுக்குத் தெரிந்துவிட்டது. வயிறு போனதும் முன்பக்கம் இறங்கித் தரையைக் கூட்ட ஆரம்பித்தது, தோள் வழுக்கிக்கொண்டு முழங்கைப் பக்கம் போனது. உள்ளே போடும் சல்வார்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். விற்கிற விலைக்கு எல்லாவற்றையும் புதிதாக வாங்குவது நடக்கிற காரியம் இல்லை. இருப்பதில் நல்லதாகப் பார்த்து அள்ளிக்கொண்டு எங்கள் தெருவில் தைக்கிற பெண்ணிடம் போனேன். பக்கத் தையல்கள் பெரிய வேலை, என் மிஷினுக்கு அது ஆகாது. அவள் ஊசிகளைக் குத்தி அளவெடுத்துவிட்டு, "மிச்சத் துணிய வெட்டவா, உள்ளுக்கு விடவா?" என்று கேட்டாள். சாதாரணக் கேள்விதான். எனக்கு அந்தப் பழுப்புக் காற்சட்டை ஞாபகம் வந்தது. அடுத்த நாள் அக்கரைப்பற்றில் ஒரு கலியாணம் இருந்தது. போய் வந்து சொல்கிறேன் என்று சொல்லி வந்துவிட்டேன்.

பிரதம இலிகிதர் என்று நான் எழுத்தில்தான் சொல்கிறேன். கந்தோரில் அவர் 'சீசீ'. சீஃப் கிளார்க் என்று ஆங்கிலத்தில் அந்தப் பதவியின் முதலெழுத்துகள். புதிதாக மாற்றலாகி வருகிறவர்கள் ஒரு பெரிய மனிதரைச் சீசீ என்று எப்படிக் கூப்பிடுவது என்று முதல் நாள் திண்டாடுவார்கள். பெரிய மனிதர் என்பது பதவியால் மட்டும் இல்லை. அவர் நாற்காலியில் இருந்து எழும்பும்போது நாற்காலியும் கொஞ்சத் தூரம் கூட வரும். சாப்பாட்டில் அவருக்கு இருந்த பற்றை அவர் ஒருநாளும் மறைத்ததில்லை. எங்கள் பக்கத்துக் கலியாணங்களில் ஆண்கள் தனித்தனிக் கோப்பையில் சாப்பிடுவதில்லை. சஹன் என்கிற பெரிய தட்டில் சோற்றையும் இறைச்சியையும் குவித்து வைப்பார்கள். நாலைந்து பேர் சுற்றியிருந்து அந்த ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். சீசீ இருக்கிற சஹனில் இடம்பிடிக்க யாரும் அவசரப்படுவதில்லை என்று அவர் முன்னாலேயே சொல்லிச் சிரிப்பார்கள். "நான் கெதியாத் திங்கிறல்ல, நீங்கதான் கதைச்சுக்கிட்டு இரிக்கீங்க" என்பார் அவர். அவர் சொன்னதிலும் உண்மை இருந்தது.

அக்கரைப்பற்றில் பிறந்து எங்கள் ஊரில் கலியாணம் முடித்தவர். எங்கள் பக்கத்தில் கலியாணம் என்றால் பெண்ணுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து இருப்பது. அதனால் சகோதரி உள்ள ஆண், அவளுக்கு ஒரு வீட்டைக் கட்டி நிமிர்த்திவிட்டுத்தான் தன் கலியாணத்தைப் பற்றி யோசிப்பான். சீசீக்கு ஒரே தங்கை, அண்ணனைக் காக்கா என்று கூப்பிடுகிறவள். அவளுடைய வீட்டுக்குக் கூரை போட்ட பிறகுதான் இவர் மாப்பிள்ளையாகி எங்கள் ஊருக்கு வந்தார். அந்தத் தங்கைக்குச் சில வருடங்களாகச் சிறுநீரகம் பழுதாகி, கிழமையில் சில நாட்கள் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரித்துக்கொண்டிருந்தார்கள். புருஷன் கட்டார் நாட்டில் வேலை. பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள். இதெல்லாம் கந்தோருக்கே தெரியும். தங்கையின் நோயையும் இவருடைய இடுப்பையும் சேர்த்துப் பார்க்கத்தான் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவர் மெலிவதை முதலில் கண்டுபிடித்தது மாவடிப்பள்ளியில் நடந்த ஒரு கலியாணத்தில். தனிக் கோப்பையில் ஒருவர் குறைத்துச் சாப்பிட்டால் யாருக்கும் தெரியாது. சஹனில் தெரிந்துவிடும். தன் பக்கம் இருந்த இறைச்சியை அவர் விரல்களால் மெதுவாக மற்றவர்கள் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தாராம். கூட இருந்த எங்கள் பியோன் அதை அடுத்த நாள் காலை கந்தோரில், ஏதோ கண்ணால் கண்டும் நம்ப முடியாத காட்சியைச் சொல்வது போல் சொன்னார். பத்து மணித் தேநீர் வருவதற்குள் முடிவாகிவிட்டது, சீசீக்குச் சீனி. அதற்குப் பிறகு ஆளுக்கொரு வைத்தியம் வந்தது. ஒருவர் பாகற்காய்ச் சாறு, ஒருவர் வெந்தயம், இன்னொருவர் சாகாமத்துப் பக்கத்திலிருந்து ஏதோ ஒரு மரத்தின் பட்டை. எல்லாவற்றையும் அவர் நன்றியோடு வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்தார். தனக்குச் சீனி என்று அவர் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. பகல் சோற்றுப் பார்சலின் இடத்தில் குரக்கன் ரொட்டியும் கீரைச் சுண்டலும் வந்தன. அதைப் பார்த்துக்கொண்டு எங்கள் பார்சல்களை அவிழ்க்க எங்களுக்குத்தான் சங்கடமாக இருந்தது.

உடம்பு குறைந்தது. உடுப்பு குறையவில்லை. இரண்டையும் ஒன்றாகக் குறைக்க முடியாது என்பதுதான் மெலிகிறவர்களுக்கு வரும் முதல் தொல்லை. ஒருநாள் பகல், கந்தோரில் ஆள் இல்லாத நேரம் பார்த்து நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"மிஸ், நீங்க தைக்கிற எண்டு கேள்வி. சேட்டு ஒண்டச் சின்னதாக்க ஏலுமா?"

"ஏலும் சேர். எவ்வளவு சின்னதாக்க?"

"அதுதான் தெரியா. இன்னும் போகும்."

"அப்ப இப்பத் தைக்காதீங்க. மெலியிறது நிண்டாப்போல ஒரேயடியாத் தைங்க."

"அது மட்டும் கந்தோருக்கு என்னத்தப் போட்டுட்டு வாற?"

நியாயமான கேள்வி. நடுவில் வரும் மாதங்களுக்குத்தான் உடுப்பு வேண்டும். அந்த மாதங்களில் எந்த அளவிலும் நிற்கப் போவதில்லை. அன்றிலிருந்து அவருக்கு வந்த ஒவ்வொரு சந்தேகத்தையும் நாற்காலியைத் திருப்பி என்னிடம் கேட்டார், நானும் தெரிந்ததைச் சொன்னேன். சேட்டுகளில் கோடு போட்டதையும் கட்டம் போட்டதையும் தொட வேண்டாம், பக்கத்தில் பிடித்தால் கோடுகள் முட்டிக்கொண்டு நிற்கும் என்றேன். ஒரே நிறச் சேட்டுகளை மட்டும் அக்குளில் இருந்து கீழே வரை பிடித்தால் போதும். தோளில் கை வைக்க வேண்டாம். தோளைக் கழற்றித் தைக்கிற கூலிக்கு இன்னொரு சேட்டு வாங்கலாம். தோள் சரிகிற சேட்டுகளின் கையை முழங்கை வரை மடித்து விட்டால் பார்க்கிறவர் கண்ணுக்கு அவ்வளவு தெரியாது. கோடு போட்ட சேட்டுகளைத் தன் மச்சானுக்குக் கொடுத்தார், திரும்பி வாங்கிக்கொள்வேன் என்ற பேச்சோடு. அந்த மச்சான் பின்பக்கம் பார்த்தால் பழைய சீசீயேதான்; கடைத்தெருவில் அவரைப் பார்த்து சலாம் சொல்லி ஏமாந்தவர்களில் நானும் ஒருத்தி. வீட்டில் பிரச்சினை இல்லை, சாரன் எந்த இடுப்புக்கும் சரிவரும். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கும் சாரன்தான். பெல்ட்டில் ஓட்டைக்கு மேல் ஓட்டை போட்டு, கடைசியில் அதன் நுனி இடுப்பைச் சுற்றி முதுகுப் பக்கம் போய்விட்டது. ஒரேயொரு தடவை, சந்தைப் பக்கம் நிலத்தில் சாக்கு விரித்துக் குவித்து விற்கிற உடுப்புக்குள் கிண்டி ஒரு காற்சட்டை எடுத்தார். அதுவும் பெருத்துப் போனதும் பியோனுக்குப் போயிற்று. புதிதாக ஒன்றும் வாங்குவதில்லை என்பதில் மட்டும் உறுதியாக இருந்தார்.

பழுப்புக் காற்சட்டையை அக்கரைப்பற்றில் ஒரு டெய்லரிடம் கொடுத்தார். கல்முனையில் கொடுத்தால் கந்தோருக்குக் கதை வந்து சேரும் என்று நினைத்திருப்பார். முதல் தடவை தைத்துப் போட்டு வந்த அன்று நான் பார்த்துவிட்டுச் சொன்னேன், வேலை நல்லது, ஆனால் பின்பக்கம் தடிப்பாக நிற்கிறது, உள்ளே மிச்சத் துணியை வெட்டாமல் விட்டிருக்கிறான் என்று.

"நான்தான் வெட்ட வேணாம் எண்டன்."

"உறுத்துமே சேர்."

"உறுத்தட்டும். துணி தேவைப்படும்."

மெலிவதற்கு இவ்வளவு பாடுபடுகிற மனிதர் கொழுப்பதற்கு ஏன் இடம் வைக்கிறார் என்று அப்போது நினைத்தேன். கேட்கவில்லை. மேலதிகாரியின் இடுப்பைப் பற்றி அதற்கு மேல் கேட்க எனக்கும் வெட்கமாக இருந்தது.

நன்றாகத் தைத்த உடுப்பு அவருக்குக் கெடுதல் செய்தது. தொளதொளவென்று திரிந்தவரை ஊர் நோயாளி என்று பாவப்பட்டது. இடுப்பில் சரியாக நிற்கிற காற்சட்டையும் உடம்போடு ஒட்டிய சேட்டுமாக வந்தவரை அப்படிப் பாவப்பட முடியவில்லை. வருத்தக்காரன் உடுப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிவான், பிடித்துத் தைக்க மாட்டான் என்பது எங்கள் ஊரின் கணக்கு. ஐம்பதை நெருங்குகிற ஆண் சோற்றைக் குறைத்து, வயிற்றைக் குறைத்து, உடுப்பைப் பிடித்துத் தைத்துக்கொண்டு அடிக்கடி வேறு ஊருக்கு பஸ் ஏறினால் அதற்கு ஊரில் ஒரே ஒரு அர்த்தம்தான் இருந்தது. அக்கரைப்பற்றில் சீசீக்கு இன்னொரு வீடு ஆகியிருக்கிறது. மனைவியின் வீட்டில் ஆண் இருக்கிற ஊரில், 'வீடு ஆகிவிட்டது' என்றால் இரண்டாம் கலியாணம் என்று விளக்கிச் சொல்லத் தேவையில்லை. பெண் ஒரு விதவை என்றார்கள், இல்லை, டீச்சர் என்றார்கள். அவளுக்கு வயது கூட வைத்துவிட்டார்கள்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம், அசர் தொழுகை முடிந்த நேரம், அவருடைய மனைவி என் வீட்டுக்கு வந்தார். என்னைவிட மூத்தவர், ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். கையில் ஒரு கிண்ணம் வட்டிலப்பம், கருப்பட்டியும் முட்டையும் சேர்த்து அவிக்கிற இனிப்பு. அதை மேசையில் வைத்துவிட்டு, "செஞ்சன். அவரு தொடுறாரில்ல. நீங்களாவது தின்னுங்க" என்றார். வட்டிலப்பத்தைச் சீசீ தொடவில்லை என்பதே பெரிய செய்தி. ஆனால் அவர் அதற்காக வரவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"புள்ள, ஒண்டு கேட்கன், மறைக்காமச் சொல்லுங்க. நீங்கதானே அவர்ர பின்னால இரிக்கிற. போன்ல ஆரோடயும் கதைக்காரா?"

"கந்தோர்க் கதைதான் ராத்தா கதைப்பாரு."

"மெலிஞ்சாரு. சரி. சீனி எண்டாங்க. எங்கட வாப்பாக்கும் சீனி வந்து மெலிஞ்சாரு. சேட்டு கூடாரம் மாதிரித் தொங்கும், கவனிக்கவே மாட்டாரு. இவரு மாசத்துக்கு மாசம் கொண்டு போய்ப் பிடிச்சுத் தைக்காரு. ஆருக்குக் காட்ட?"

நான் தேநீர் ஊற்ற எழும்பினேன். அவர் விடவில்லை.

"தங்கச்சி ஊட்ட போறன் எண்டுதான் போறாரு. நான் நாளப் பார்த்துக்கிட்டுத்தான் இரிக்கன். அவக்கு ரத்தம் கழுவுற நாளாப் பார்த்துத்தான் போறாரு. அவ ஆஸ்பத்திரியில கிடக்காள். அந்த ஊட்டுல ஆரு இரிக்கா?"

இவ்வளவு ஒழுங்காக யோசித்தவருக்கு முன்னால் சும்மா சமாதானம் சொல்ல முடியவில்லை. போகும்போது வாசலில் நின்று, "என்ட ரெண்டு பொம்புளப் புள்ளைக்கும் இன்னும் ஊடு கட்டல்ல, புள்ள" என்றார். அழவில்லை. அந்தக் கவலை எனக்குப் புரிந்தது. இரண்டாவது வீடு என்று ஒன்று வந்தால் முதல் வீட்டுப் பிள்ளைகளின் செங்கல் அங்கே போய்விடும்.

திங்கட்கிழமை நான் அவரிடம், "சேர், ராத்தா வந்து போனாங்க" என்று மட்டும் சொன்னேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. ஊர்க் கதை அவருடைய காதுக்கும் வந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் மேசையில் இருந்த கோப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலியைத் திருப்பினார்.

"தங்கச்சிக்கு கிட்னி குடுக்கப் போறன் மிஸ். எல்லாம் பொருந்திட்டு. ஆள்தான் பெரிசு எண்டாரு கண்டி டொக்டர். இந்த உடம்ப வெட்டினா உங்களுக்கும் ஆபத்து, குறைச்சிட்டு வாங்க எண்டாரு."

"ஊட்டுல சொல்லல்லயா சேர்?"

"சொன்னாச் சண்ட வரும். மறுகா நான் மெலிய ஏலாமப் போனா அந்தச் சண்ட வீண்தானே? மெலிஞ்சாப்போல கதைப்பம் எண்டு இருந்தன்."

இந்த மனிதரை என்ன செய்வது என்று எனக்குக் கோபம்தான் வந்தது. மெலிவதற்கு முன்னால் சொல்லக்கூடாது என்று எல்லாவற்றையும் யோசித்தவர், மெலிவதை ஊர் எப்படிப் படிக்கும் என்று யோசிக்கவில்லை. தங்கை ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களில் அவளுடைய மகளுக்குச் சோறு கொடுத்துவிட்டு, அந்த ஊர்க் கடற்கரையில் நடந்துவிட்டு வருகிறாராம். எங்கள் ஊரில் நடந்தால் ஏன் நடக்கிறாய் என்று கேட்பார்களாம். காற்சட்டையைப் பற்றியும் அன்றுதான் சொன்னார். தினமும் தராசில் ஏறி மனம் நோகாமல் இருக்க டெய்லரையே தராசாக வைத்திருந்தார். "பை ரெண்டும் முட்டினா இனிப் பிடிக்க இடமில்ல எண்டு டெய்லர் சொல்றான். டொக்டர் கேட்ட அளவும் அந்தளவிலதான் வரும் போல. இன்னும் ஒரு தரம் பிடிக்க இரிக்கி." அன்று பைகளுக்கு நடுவில் விரல் நுழையும் அளவுதான் இடம் இருந்தது.

அன்று மாலையே வீட்டில் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு நடந்ததை ராத்தாவே பின்னொரு நாள் எனக்குச் சொன்னார். முதலில் அவர் நம்பவில்லை. அக்கரைப்பற்றுக்குப் போவதற்கு இதைவிட நல்ல பொய் யாருக்கும் கிடைக்காது என்றுதான் தோன்றியதாம். காயப்போட்டிருந்த பழுப்புக் காற்சட்டையைக் கொடியிலிருந்து இழுத்து அவர் முன்னால் போட்டு, இது ஆருக்குக் காட்ட என்று கேட்டிருக்கிறார். போட்ட வேகத்தில் காற்சட்டை உள்பக்கம் வெளியே வந்து விழுந்தது. பின் தையலுக்குள் தடிப்பாக மடித்து வைத்த துணி. பக்கத்தில் பக்கத்தில் தையல் வரிகள்.

"இதென்ன, வெட்டாம வச்சிரிக்கீங்க?"

"ஆப்பரேசன் முடிஞ்சா நான் பழையபடி திங்கோணுமே. அதுக்குத்தான்."

"அந்தச் சொல்லுலதான் நான் நம்பினன், புள்ள" என்றார் ராத்தா. "புது மாப்பிள்ள ஆகப் போறவன் பழைய இடுப்புக்குத் துணி விட்டு வைப்பானா?"

சந்தேகம் அதோடு போயிற்று. சண்டை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. கத்தி வைத்த ஆளை நம்பி இரண்டு பெண்பிள்ளைகளுக்கு எப்படி வீடு கட்டுவது, உங்களுக்கு ஒன்று நடந்தால் எங்களுக்கு யார் என்று ராத்தா கேட்டார். எங்கள் பக்கத்தில் கோபம் வந்தால் வீட்டை விட்டுப் போக வேண்டியவர் கணவர்தான், வீடு பெண்ணுடையது. சீசீ ஒரு பையில் உடுப்பைப் போட்டுக்கொண்டு அக்கரைப்பற்றுக்குப் போய்விட்டார். ஊருக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும். கந்தோரில் பியோன் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். எனக்கு எல்லாம் தெரியும். ஆனால் தங்கையின் நோயும் கணவன் மனைவி சண்டையும் நான் எடுத்துச் சொல்லக்கூடிய செய்திகள் இல்லை. கண்டி டொக்டர், மனைவியும் கூட வந்து சம்மதம் சொன்னால்தான் நாள் குறிப்போம் என்று சொல்லியிருந்தார். அவர் இவ்வளவு மெலிந்ததும் அந்தச் சம்மதம் இல்லாவிட்டால் வீண்.

ஒரு கிழமைக்கு மேல் ஆகியிருக்கும். ராத்தா தானாகவே பஸ் ஏறி அக்கரைப்பற்றுக்குப் போனார். கூட்டிவரப் போகவில்லை, இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு வரத்தான் போனதாகச் சொன்னார். போனபோது சீசீ வீட்டில் இல்லை, கடற்கரையில் நடக்கப் போயிருந்தார். தங்கைதான் இருந்தாள், ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் வந்து படுத்திருந்தாள். மதினி வந்திருக்கிறார் என்று எழும்பித் தேநீர் ஊற்றப் போனவளுக்குக் கேத்தலைத் தூக்க முடியவில்லை. மகள் ஓடி வந்து அதை வாங்கிக்கொண்டாள். தங்கை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, காக்காவிடம் நான் கேட்கவில்லை மதினி, அவர்தான் பிடிவாதமாக நிற்கிறார், நீங்கள் வேண்டாம் என்றால் வேண்டாம் என்றாளாம்.

"நான் அவள்ர மூஞ்சப் பார்த்திருக்கக் கூடாது" என்றார் ராத்தா. "பார்த்துட்டன்."

சீசீ நடந்துவிட்டு வியர்வையோடு வந்தபோது ராத்தா அந்த வீட்டு அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். இருவரும் சாப்பிட்டுவிட்டுக் கடைசி பஸ்ஸில் வீட்டுக்கு வந்தார்கள். அடுத்த மாதம் பைகள் முட்டின. தங்கையோடு மூவரும் கண்டிக்குப் போனார்கள், ராத்தா சம்மதம் சொன்னதும் டொக்டர் நாள் குறித்தார். அவர் ஆப்பரேசனுக்கு லீவில் போன பிறகுதான் கந்தோருக்கு விஷயம் தெரிந்தது. பியோன் அன்று முழுக்க, அந்தச் சஹனில் தள்ளிவிட்ட இறைச்சியை நான்தானே தின்றேன் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் வேலைக்குத் திரும்பியபோது பைகள் முட்டியிருந்தும் காற்சட்டை நழுவியது. அவ்வளவு வாடிப் போயிருந்தார். பிறகு மெல்ல மெல்லத் தேறினார். தைத்ததைப் பிரிக்க டெய்லரிடம் போகவில்லை. ராத்தாவே வீட்டில் பிளேட்டால் ஒவ்வொரு வரியாகப் பிரித்துவிட்டார். பைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகின. நடுவில் ஒரு பட்டை தெரிந்தது. வெளியே இருந்த துணி வெயிலிலும் சவர்க்காரத்திலும் வெளுத்திருந்தது, உள்ளே கிடந்தது வாங்கிய நாளின் கடும்பழுப்பு நிறத்தில் இருந்தது. கோடு போட்ட சேட்டுகளை மச்சானிடம் திருப்பிக் கேட்கவில்லை. ஒரு சிறுநீரகத்தோடு பழையபடி கொழுக்கக் கூடாது என்று டொக்டர் சொன்னதால், மிச்சம் இருந்த தையலைப் பிரிக்க ராத்தா மறுத்துவிட்டார். கொஞ்சத் துணி உள்ளேயே நின்றுவிட்டது. அவர் ஓய்வு பெற்றுப் போகும் வரை அந்தக் கறுத்த பட்டையைப் பார்த்துக்கொண்டுதான் நான் வேலை செய்தேன்.

நான் தையல்காரப் பெண்ணுக்குப் பதில் சொல்லாமல் போன அக்கரைப்பற்றுக் கலியாணம், அந்தத் தங்கையின் மகளுடையது. கேத்தலை வாங்கிக்கொண்ட அந்தப் பிள்ளைதான். அவளுக்கு இன்னொரு வீடு கட்டும் வசதி இல்லை. தாயின் வீட்டையே இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்துக்குப் புதுச் சாயம் அடித்திருந்தார்கள். வாசலில் நின்று வருகிறவர்களைக் கைபிடித்து உள்ளே கூட்டிப் போனது தங்கை. கை சூடாக, பலமாக இருந்தது. ராத்தா சமையல் பக்கத்திலிருந்து வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். அபாயாவுக்குள் நான் மறைத்து வைத்திருந்ததை அவர் கண்டுபிடித்துவிட்டார்.

"மெலிஞ்சிரிக்கீங்க புள்ள. ஆருக்குக் காட்ட?"

நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். தைக்கக் கொடுத்த கதையைச் சொன்னேன். அந்நேரம் சீசீ தண்ணீர்ப் போத்தல் கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தார். தாய்மாமன் என்றாலும் வேலை முடியும் வரை புது உடுப்புப் போட மாட்டாராம். அதே பழுப்புக் காற்சட்டை. கேட்டுக்கொண்டே வந்தவர், "வெட்டாதீங்க மிஸ், துணி தேவைப்படும்" என்றார்.

"நீங்க வெட்டுங்க புள்ள" என்றார் ராத்தா. "இவருக்குத் திரும்பிக் கொழுக்க ஒரு நியாயம் இருந்திச்சு. உங்களுக்கு என்ன இரிக்கி?"

அவர் சொன்னது சரிதான். சீசீ மெலிந்தது தங்கைக்காக. வேலை முடிந்ததும் பழைய இடத்துக்குப் போகலாம் என்று வழி வைத்திருந்தார். நான் மெலிந்தது எனக்காக. அடுத்த நாள் தையல்காரப் பெண்ணிடம் வெட்டச் சொல்லிவிட்டேன்.

அன்று ராத்தா அப்படிச் சொன்னதும் சீசீ சிரித்துக்கொண்டு போத்தல் கட்டோடு ஆண்கள் பக்கம் திரும்பிப் போனார். பின்னால் அந்த இரண்டு பைகளும், நடுவில் கறுத்த பட்டையும் தெரிந்தன. இத்தனை வருடம் கழுவியதில் அந்தப் பட்டையும் வெளுத்துக்கொண்டு வந்திருந்தது. இன்னும் கொஞ்சக் காலம் போனால் எது உள்ளே கிடந்த துணி, எது வெளியே இருந்த துணி என்று தெரியாது. உள்ளே சஹன் வைத்துவிட்டார்கள் என்று யாரோ கூப்பிட்டார்கள். வாசலில் நின்ற தங்கை, "காக்கா, கைய கழுவிட்டு வாங்க, சோறு ஆறுது" என்று அதட்டினாள். அவர் கட்டை இறக்கி வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.